முன்பாட்டுக்காரரின் முதல் கடமை

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் குழுக்களில், முன்பாட்டுக்காரர் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் அதை வாங்கிப் பின்பாட்டாகப் பாடும் முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. சரளி வரிசை அறியாத கைத்தறி நெசவாளரும் பூ வியாபாரியும் கல்லூரி மாணவரும் நாள் முழுதும் நடந்துகொண்டே களைப்பின்றிப் பாடுகின்றனர். அதே மக்கள் ஊர் திரும்பியபின் பஜனை மடத்திலோ பங்குப் பாடகர் குழுவிலோ பள்ளி ஆண்டு விழா மேடையிலோ வரிசையாக நிறுத்தப்படும்போது, வாய் அசைய, குரல் மட்டும் தொண்டைக்குள் அடங்கிவிடுவதைக் குழு நடத்துவோர் பலரும் அறிவர். இதற்குப் பாடுவோரின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. ஆயினும் பெரும்பாலான இடங்களில் உண்மைக் காரணம், நடத்துபவர் தம் குரலுக்கு வசதியான கட்டையில், அதாவது தமக்கேற்ற ஆதார சுருதியில், அனைவரையும் பாடச்செய்வதே ஆகும்.

கச்சேரி மேடையில் ஆண்கள் ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது வழக்கம். அந்தத் தேர்வு மூன்று ஸ்தாயிகளிலும் சஞ்சரிக்கும் பயின்ற குரலுக்கு உரியது. பயிற்சி பெறாத பெண்குரல் நெருடலின்றி ஒலிப்பது, ஆர்மோனியத்தில் கீழ் ஸ்தாயியின் ஆறாம் வெள்ளைக் கட்டையிலிருந்து மேல் ஸ்தாயியின் இரண்டாம் கட்டை வரை, ஏறத்தாழப் பதினொரு வெள்ளைக் கட்டைகளுக்குள்தான்; ஆண்குரல் இதே எல்லைக்குள் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மேடைப் பழக்கமுள்ள பெண் ஆசிரியர் ஐந்து கட்டையில் சட்ஜத்தை வைத்துப் பாட்டைத் தொடங்கினால், குழுவிலுள்ள ஆண்கள் கீழே இறங்கி முணுமுணுக்க வேண்டும், அல்லது மேலே ஏறிக் கத்த வேண்டும். நடு வழி அவர்களுக்கு இல்லை. ஒரு கட்டையில் பாடும் ஆண் ஆசிரியர் அனுபல்லவியில் மேல் காந்தாரத்தையும் மத்திமத்தையும் தொட்டால் பெண்கள் பாதியிலேயே ஒரு ஸ்தாயி இறங்கிவிடுவர். இரண்டு நிலையிலும் நாணமும் சோர்வும் பாடுவோருக்கே மிஞ்சுகின்றன.

இச்சிக்கலுக்குத் தமிழிசை மரபிலேயே தீர்வு உண்டு. செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை போன்ற ராகங்கள் மேல் சட்ஜத்தை எட்டுவதில்லை. கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடு நிஷாதத்துக்கும் இடையிலேயே உலவுகின்றன. ஆகவே அவற்றை மத்திம சுருதியில், அதாவது ஆதார சுருதியின் மத்திமத்தையே சட்ஜமாகக் கொண்டு, பாடும் வழக்கம் ஏற்பட்டது. ஆர்மோனியம் ஒரு கட்டையில் இருக்க, மத்திம சுருதிப் பாடலின் சட்ஜம் நான்காம் கட்டையில் அமையும்; அதன் கீழ்ப் பஞ்சமமும் நடுப் பஞ்சமமும் அப்போது ஒன்றாம் கட்டையிலேயே விழும். சட்ஜத்தில் தொடங்கி மேல் சட்ஜத்தில் முடியும் பாடலும் அதே ஆர்மோனியத்தில், அதே எல்லைக்குள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒத்துவரும். பாடல் நிஷாதத்தில் நின்று நீளுமானால் அரைக் கட்டை இறக்கினால் போதும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் வழிவந்த காவடிச் சிந்து மெட்டுகள் நடையாளிகளின் நாவில் இயல்பாக அமர்வதற்குத் தாளக்கட்டு எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் இந்தக் குறுகிய சஞ்சாரமும் ஆகும்.

பாட்டு எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதைத் திண்டுக்கல், மதுரை வட்டாரக் குழுக்கள் வெவ்வேறு வழிகளில் கண்டுகொண்டுள்ளன. திண்டுக்கல்லையும் ஒரு நிலையமாகக் கொண்டிருந்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், 1853இல் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பலவற்றைச் சேர்த்துச் சபைப் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். மேலை மெட்டுக்கு மொழிபெயர்த்த பாமாலைகளோடு ராகமும் தாளமும் குறித்த கீர்த்தனைகளும் சபையின் பொதுச் சொத்தாயின. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில், கற்றவர் துணையின்றிச் சேரி மக்களே பாடவும் மாற்றிப் பாடவும் கூடிய நாட்டார் மெட்டுகளில் வழிபாட்டையே அமைத்தார். சின்னாளபட்டி அருகே 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் காந்தியக் கூட்டுப் பிரார்த்தனையின் வழியில் வந்தது. அந்தப் பிரார்த்தனைக்கெனச் சபர்மதியில் பண்டித நாராயண மோரேஷ்வர் கரே தொகுத்த ஆசிரம பஜனாவளி, கேட்பதற்கன்றிச் சேர்ந்து பாடுவதற்கே உருவான நூல்.

பல குரல் இசையை, அதாவது வெவ்வேறு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் இணைந்து ஒலிப்பதை, விரும்பும் குழுக்கள் எம்.பி. சீனிவாசனின் (1925–1988) பணியைக் கூர்ந்து கற்க வேண்டும். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த அவர், 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, தொழில்முறைப் பாடகர் அல்லாதவர்களைக் கொண்டு பாரதியார் பாடல்களைப் பல குரலில் பாடச்செய்தார். தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் சேர்ந்திசைத் திட்டத்தின் வழியாகப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தார். எனினும் அவரது பல குரல் அமைப்பை முதல் மாதத்திலேயே படியெடுக்க முயல்வதை இவ்விதழ் பரிந்துரைக்காது. நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல், குழுவில் ஒரு பகுதியினர் சட்ஜத்தையோ பஞ்சமத்தையோ அகாரத்தில் பிடித்து நிற்க மற்றவர்கள் மெட்டைப் பாடுவது, தன் சுரத்தை விடாமல் பிறர் சுரத்தைக் கேட்கும் பழக்கத்தை அச்சமின்றி ஊட்டும். இரண்டாம் குரல் அதன்பின் தானே வரும்.

சுருதி சேராதவர் என்று ஒதுக்கப்படுவோர் குறித்தே நடத்துவோர் மிகுந்த கவலை கொள்ள வேண்டும். அத்தகையவரை நோக்கி 'மேலே, இன்னும் மேலே' என்று கை உயர்த்துவதால் பயனில்லை, ஏனெனில் மேல் என்பது எது என்பதே அவர் செவிக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் இயல்பாக எழுப்பும் ஒலி எந்தக் கட்டையில் நிற்கிறதோ அந்தக் கட்டையை ஆர்மோனியத்தில் தேடிப் பிடித்து, ஆசிரியரும் அதே சுரத்தில் சேர்ந்து நின்று, இரண்டு குரலும் ஒன்றாவதை அவர் உணர்ந்தபின் ஒவ்வொரு கட்டையாக நகர்ந்து குழுவின் சுருதிக்கு அழைத்து வருவதே முறை. இதைத் தனியே, பிறர் வருவதற்கு முன் செய்வது நன்று. குழுவில் நிற்கும்போது அவரை முதல் வரிசையின் ஓரத்தில் தள்ளாமல், நிலைத்த குரலுடைய இருவருக்கு நடுவே நிறுத்த வேண்டும். முன்பாட்டுக்காரர் பின்பாட்டு வரும் இடத்தில் ஒலிவாங்கியை விட்டு விலகி நிற்க வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் ஒரே குரல் மற்றக் குரல்களை மூழ்கடிக்கும்போது, பாடுவோர் சில நிமிடங்களிலேயே கேட்போராகிவிடுகின்றனர்.

மார்கழிப் பயிற்சிகள் தொடங்கும் முன், ஒவ்வொரு குழுவும் தன் பாடல் ஏட்டில் ராகம், தாளம் ஆகியவற்றுக்கு அருகே பாடலின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் குறித்து, குழுவில் மிகவும் கூசிப் பாடும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அவ்விரு சுரங்களும் எட்டும் கட்டையைச் சோதித்து எழுதிவைப்பது ஒரு மாலைப் பொழுதுக்குள் முடியக்கூடிய வேலை.