கோட்டைத் தண்ணீர்

செஞ்சிக் கோட்டையைக் காணச் செல்வோர் இராஜகிரியின் உயரத்தை வியந்து, தேசிங்குராஜன் கதை பேசித் திரும்புவர். நம் உள்ளமோ செட்டிகுளத்தங்கரையிலேயே நின்றுவிட்டது. 1750 முதல் 1761 வரை இக்கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது. ஒருகாலும் நூறு ஐரோப்பியச் சிப்பாய்கட்கு மேல் இங்கு வைத்திராத அவர்கள், அப்பத்தாண்டில் 1200 பேரை இழந்தனர் என்கிறார் சரித்திராசிரியர் இராபர்ட் ஆர்ம். நீரும் காற்றும் ஒவ்வாத இடமென்பது செஞ்சிக்குப் பழம்பெயர். ஆயின், அத்தொகையில் வெள்ளையர் மட்டுமே அடங்குவர். அவர்க்குச் சோறு சமைத்தோரும் குடம் சுமந்தோரும் எத்துணைப்பேர் மாண்டனரென்று எழுதிவைத்தவர் யார்?

இது பழங்கதையன்று. அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்து லெஜூன் கடற்படைவீரர் பாளையத்திலே, 1953 முதல் 1987 வரை குடிநீரில் டிரைக்குளோரோஎதிலீன், பென்சீன் முதலிய நஞ்சுகள் கலந்திருந்தன. ஒரு பகுதி அயலிலிருந்த சலவைக்கடையினின்று வந்தது. மறுபகுதி பாளையத்தின் சொந்தக் கழிவே. 1980-களின் தொடக்கத்திலேயே சோதனையில் நஞ்சு தென்பட்டும், கெட்ட கிணறுகள் 1984 இறுதியிலிருந்தே மூடப்பட்டன. போர்வீரன் ஆபத்தை அறிந்தே சேர்கிறான் என்பாருளர். அவன் மனைவியின் வயிற்றுப் பிள்ளையுமா கையொப்பமிட்டுச் சேர்ந்தது?

கேடு விளைத்த செயல் முடிந்து பத்தாண்டு சென்றால் வழக்கில்லை என்பது அம்மாகாணச் சட்டம். புற்றுநோயோ பத்தாண்டு கடந்தும் தோன்றும். ஆதலின் 2016-இல் வழக்குகள் தள்ளப்பட்டன. 2022 ஆகஸ்டில் பிறந்த புதுச்சட்டமே, இரண்டாண்டுக் கெடு வைத்து, கதவைத் திறந்தது. காலங்கடந்த வழக்கிற்குச் சாட்சி கிட்டாதென்பர் சட்டம் வல்லோர். கிணற்றுச் சோதனைக் கணக்கை வைத்திருந்தவர் யார்? சர்க்காரே அன்றோ! குடித்தவர்க்கு உண்மை அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே காலவரம்பை எண்ணுதல் வேண்டுமென்பது நம் கருத்து. மறைத்தவர்க்கு மறைப்பே அரணாதல் எந்நீதி?

பிறநாட்டைப் பழித்து நாம் பெருமை கொள்வதற்கில்லை. நம் வட ஆற்காட்டுப் பாலாற்றங்கரையில் தோற்பதனிடும் சாலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டன. கெடுத்தவரே நட்டமும் கொடுத்து நிலத்தையும் திருத்த வேண்டுமென்று 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக, நட்டஈடு கொடுமினென்று 2025 ஜனவரியில் அதே மன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. முதல் தீர்ப்பின் நாளில் அக்கரையிற் பிறந்த குழந்தைக்கு அப்பொழுது வயது இருபத்தெட்டு.