பற்றரியும் ஒரு மூட்டைதான்

சென்ற வாரம் என் மருமகன் கட்டைபறிச்சானில் உள்ள என் கடைக்கு ஒரு விளம்பரத் துண்டோடு வந்தார். சாமான் ஏற்றும் மின்சார முச்சக்கர வண்டி ஒன்றை லீசிங்கில் எடுக்கப் போகிறாராம். ஒரே மாதிரி வண்டி, இரண்டு அளவில் பற்றரி. "மாமா, பெரிய பற்றரி எண்டா ரெண்டு மடங்கு தூரம் ஓடும். அதுதானே நல்லம்?" என்றார். நம் வியாபாரிகளில் அநேகர் கேட்கும் கேள்வி இது. எனவே அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன்.

2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பின் மின்சார வாகனங்கள் மீது பலருக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆசை பிழையல்ல, கணக்குப் பார்க்காத ஆசைதான் பிழை.

எட்டு லீற்றர் பெற்றோலின் எடை சுமார் ஆறு கிலோ. ஓட ஓட அது குறையும். பற்றரி அப்படியல்ல. சார்ஜ் நிறைந்திருந்தாலும் தீர்ந்தாலும் எடை ஒன்றே. அதாவது, அது கூலி தராமல் தினமும் நம் வண்டியில் ஏறிவரும் ஒரு மூட்டை.

இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். சில வருடங்களுக்கு முன் ஈயப் பற்றரி வண்டி ஒன்றை வாங்கினேன். 12 வோல்ட், 100 அம்பியர் மணிப் பற்றரிகள் நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ. கணக்குப்படி 4.8 யூனிட் மின்சாரம். ஆனால் ஈயப் பற்றரி நீடித்து உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. பாரம் ஏற்றி வேகமாக இழுத்தால் அந்தப் பாதியும் முழுதாகக் கிடைக்காது. தோப்பூர், சம்பூர் என்று சுற்றிவர எனக்கு மூன்று நான்கு யூனிட் தேவைப்பட்டது. விற்றவரின் பேச்சைக் கேட்டு இன்னும் நான்கு பற்றரி பூட்டினேன். மொத்தம் 240 கிலோ. தூரம் கூடியது உண்மை. ஆனால் ஏற்றும் அரிசியில் 50 கிலோ மூட்டை இரண்டு குறைந்தது. எடை கூடினால் டயரின் இழுவையும் கூடும். மணல் வழியில் அது இன்னும் மோசம். புதிதாகப் பூட்டிய பற்றரியின் சக்தியில் ஒரு பங்கு அதன் எடையைச் சுமக்கவே போனது.

லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரியில் அதே 4.8 யூனிட்டுக்கு சுமார் 45 கிலோ போதும். அதில் நான்கு யூனிட் வரை தாராளமாகப் பாவிக்கலாம். என் எட்டு ஈயப் பற்றரிகள் செய்த வேலையை அது ஒன்றே செய்யும். மிச்சமாகும் எடை ஏறக்குறைய நான்கு மூட்டை அரிசி.

அப்படியானால் எடை குறைந்ததெல்லாம் நல்லதா? இல்லை. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டுக்கு நிசான் லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. 24 யூனிட் பற்றரி, எடை சுமார் 300 கிலோ. அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 2012 இலேயே அதன் கொள்ளளவு வேகமாகக் குறைவதாக முறைப்பாடுகள் எழுந்திருந்தன. சூடு பற்றரியின் எதிரி. நம் திருகோணமலை வெயிலை நான் விவரிக்கத் தேவையில்லை. லிதியத்திலேயே இதைவிட எடை குறைந்த வகைகள் உண்டு. ஆனால் சூட்டைத் தாங்குவதிலும் ஆயுளிலும் இரும்புப் பொஸ்பேற்தான் நம் தொழிலுக்குப் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம்.

இனி மருமகனின் கேள்விக்கு வருவோம். அவருடைய ஓட்டம் நாளுக்கு 50 கிலோமீற்றர். அதற்கு மேல் கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் வைத்துக்கொண்டால் போதும். பற்றரி பழசாகும்போது அந்த மிச்சம் கைகொடுக்கும். அதற்கும் மேலே பெரிய பற்றரி எடுத்தால், ஓடாத தூரத்துக்குத் தவணையும் கட்டி, தினமும் ஒரு மூட்டை வியாபாரத்தையும் இழக்க வேண்டும். தினமும் தூர இடம் போகிறவருக்குக் கணக்கு வேறு; அவருக்குப் பெரியதுதான் இலாபம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். பற்றரி எத்தனை யூனிட்? எத்தனை கிலோ? முழுப் பாரத்தோடு எத்தனை கிலோமீற்றர்? எத்தனை வருடத்துக்குப் பின் எவ்வளவு கொள்ளளவுக்கு உத்தரவாதம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் உள்ள தூரத்தை வெறும் வண்டியின் தூரமென்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

மருமகன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தன் ஓட்டத்தைக் கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஒரு மாதம் எழுதட்டும். தராசில் நிறுக்காமல் நாம் ஒரு கிலோ சீனியும் வாங்குவதில்லை. இலட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் வண்டியை மட்டும் ஏன் நிறுக்காமல் வாங்க வேண்டும்?