கல்லைக் கீழே போடுங்க பாஸ்!

காலேஜ் டூர்ல மகாபலிபுரம் போறீங்க. வழியில வடநெம்மேலி முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1976-ல் ஆரம்பிச்ச இடம். உள்ளே நுழைஞ்சதும் உங்க கேங்ல ஒருத்தன் கண்டிப்பா சொல்வான்: "டேய், இது சிமென்ட் பொம்மைடா!" சொல்லிட்டு, அசையுதான்னு பார்க்க ஒரு கல்லைத் தேடுவான்.

கல்லைக் கீழே போடுங்க பாஸ். அது பொம்மை இல்லை. சும்மா கிடக்கறதே அதுக்கு ஒரு வேலை!

வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கே, கொட்டாவியா? இல்லை. முதலைக்கு நம்மளை மாதிரி வியர்க்காது. வாயைத் திறந்து வெச்சுதான் உடம்புச் சூட்டைத் தணிச்சுக்குது.

தாடை முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கா? மச்சம் இல்லீங்க, அத்தனையும் சென்ஸார்! கும்மிருட்டுல தண்ணி லேசா அலைஞ்சாலும் கண்டுபிடிச்சுடும். கண், காது, மூக்கு மூணும் தலைக்கு மேலேயே இருக்கு. அதனால மொத்த உடம்பையும் தண்ணிக்குள்ள மறைச்சுக்கிட்டு, கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே வெச்சு உங்களை சைட் அடிக்கும். தொண்டையில ஒரு மூடி வேற. உள்ளே வாயைத் திறந்தாலும் மூச்சுக்குழாய்க்குத் தண்ணி போகாது.

அந்த வாய்? 2012-ல் வெளியான ஆய்வுல உவர்நீர் முதலையோட கடி 16,000 நியூட்டனைத் தாண்டுச்சு. உயிரோட இருக்கிற மிருகங்கள்ல அளந்து பார்த்ததுல அதுதான் டாப். ஆனா வாயைத் திறக்கிற தசை செம வீக். ஒரு கயிறைச் சுத்தினாலே போதும், திறக்க முடியாது. (ப்ளீஸ், ட்ரை பண்ணாதீங்க!) அதே வாயிலதான் அம்மா முதலை, முட்டையிலேர்ந்து வந்த குட்டிகளைப் பல் படாம தண்ணிக்குத் தூக்கிட்டுப் போகுது.

இன்னொரு மேட்டர். இதே பண்ணையில, மூக்கு மேல குச்சிகளை வெச்சுக்கிட்டு அசையாம கிடந்த முதலைகளைப் பத்தி 2013-ல் ஒரு ஆய்வு வந்துச்சு. கூடு கட்டக் குச்சி தேடுற கொக்குக்கு அது தூண்டில்!

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, பண்ணையில உங்களுக்கும் அதுக்கும் நடுவுல சுவர் இருக்கு. சிதம்பரம் பக்கம் கொள்ளிடத்துலயும், அமராவதி அணையிலயும், ஒகேனக்கல் பக்கம் காவிரியிலயும் இதே சதுப்புநில முதலைதான். அங்கே சுவர் கிடையாது. 'முதலைகள் உள்ளன, குளிக்காதீர்கள்'னு ஒரு போர்டு இருந்தா அதிகம். "ஒண்ணையும் காணோமே மச்சி"ன்னு சட்டையைக் கழட்டுறவனைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துங்க. கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுக்காகவே செஞ்ச உடம்பு அது. தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமா?

அது மேலயும் தப்பு இல்லை. ஆறு அதோட வீடு. நாமதான் காலிங்பெல் அடிக்காம உள்ளே போறோம்!