சொல்லப் போனவர்கள் கேட்டுக்கொண்டது

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். தில்லியானாலும், மும்பையானாலும், கொல்கத்தாவானாலும், இரண்டு தமிழ்க் குடும்பங்கள் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "குழந்தைகளுக்குத் தமிழ் வருகிறதா?" அவசியமான கேள்விதான். ஆனால் அதன் மறுபாதியை நாம் கேட்பதே இல்லை. வாழ வந்த ஊரின் மொழி நமக்கு வருகிறதா? மார்க்கெட்டில் வெண்டைக்காய் விலை கேட்கிற அளவுக்கு அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று புரிகிற அளவுக்கு?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது எனக்கு நினைவுக்கு வருவது, நம் நாட்டுக்கு வெகு தொலைவில், பிரேசில் நாட்டின் அமேசான் மழைக்காட்டில் குடும்பம் நடத்திய ஒரு கிறிஸ்தவ மிஷனரி தம்பதியின் வரலாறு. மதம் மாற்றுவது சரியா, தவறா என்பதில் வாசக அன்பர்கள் பல பக்கமும் நிற்பீர்கள். நம் சங்கத்தில் எல்லா மதத்தவரும் இருக்கிறோம். அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. அந்நிய மண்ணில் ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்கரான டேனியல் எவரெட் 1951ல் பிறந்தவர். பதினெட்டு வயதிலேயே கேரன் என்பவரை மணந்துகொண்டார். கேரன் மிஷனரி வீட்டுப் பெண். பிரேசிலில் சத்தரே என்னும் பழங்குடியினரிடையே சிறு வயதைக் கழித்தவர். எழுத்தில்லாத மொழிகளைக் கற்று, இலக்கணம் கண்டு, அவற்றில் பைபிளை மொழிபெயர்ப்பதற்காக ஏற்பட்ட ஒரு நிறுவனத்தில் இருவரும் சேர்ந்தார்கள். மைசி ஆற்றங்கரையில் வாழும் பிரஹான் மக்களிடம் 1977 டிசம்பரில் எவரெட் முதன்முதலாகப் போனார். பின்னர் மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் அங்கே குடியேறினார்கள். கடை கிடையாது, ஆஸ்பத்திரி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இடையில் நின்று பேச்சை மாற்றிச் சொல்ல ஆள் கிடையாது. ஒரு குச்சியைக் காட்டி அதன் பெயரைக் கேட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.

அந்த மொழியும் லேசுப்பட்டதல்ல. ஆண்கள் பேச்சில் மொத்தம் பதினோரு ஒலிகள்தான், பெண்கள் பேச்சில் இன்னும் ஒன்று குறைவு. ஆனால் ஒரே சொல்லின் பொருள் குரலின் ஏற்ற இறக்கத்தில் மாறிவிடும். அதனால் சொல்லே இல்லாமல் அந்த ராகத்தை மட்டும் வைத்து அவர்களால் பேச முடியும். வேட்டைக்குப் போகும் ஆண்கள் சீட்டியடித்தே செய்தி சொல்வார்கள். தாய்மார்கள் மடியிலிருக்கும் குழந்தையிடம் முனகலாகவே பேசுவார்கள். தங்கள் மொழிக்கு அவர்கள் வைத்த பெயர் 'நேரான தலை'. மற்றவர் பேசுவதெல்லாம் 'கோணல் தலை'. மொழிப்பற்று நமக்கு மட்டும் சொந்தமல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1979ல் கேரனுக்கும் மூத்த மகளுக்கும் கடுமையான காய்ச்சல் கண்டது. எவரெட் டைபாய்டு என்று நினைத்து அதற்கான மருந்தைக் கொடுத்தார். உண்மையில் அது மலேரியா. படகிலும் பஸ்ஸிலுமாகப் பல நாள் பயணம் செய்து போர்த்தோ வெல்யோ நகரத்தின் ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகே இருவரும் பிழைத்தார்கள். புறப்படும் நேரத்தில் பிரஹான் மக்கள் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்பி வரும்போது இன்னின்ன சாமான் வாங்கி வா என்றுதான் சொன்னார்கள். அவருக்கு மனம் கொதித்தது. ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. அந்த மக்களின் வீடுகளிலும் இதே காய்ச்சல் வருகிறது, குழந்தைகள் இறக்கின்றன. ஓடிப் போக அவர்களுக்கு ஒரு நகரமும் இல்லை. மறுநாள் மீன் பிடிக்கப் போனால்தான் மிச்சமிருப்பவர்களுக்குச் சோறு. கல் மனம் என்று அவர் நினைத்தது, வேறு வழியில்லாதவர்களின் மனத்திடம்.

வந்த புதிதில் நாமும் இப்படித்தான். "இந்த ஊர்க்காரர்களுக்கு ஈவு இரக்கமே இல்லை" என்று ஊருக்குக் கடிதம் எழுதாத தமிழர் உண்டா? மொழி தெரியாதவனுக்கு எல்லார் முகமும் கடுமையாகத்தான் தெரியும்.

மொழி தெரிந்ததால் என்ன ஆயிற்று என்பதற்கும் அதே குடும்பத்தில் உதாரணம் இருக்கிறது. ஆற்று வழியே வரும் வியாபாரிகள் பிரஹான் மக்களுக்குச் சாராயத்தைக் கொடுத்துவிட்டுக் காட்டுப் பொருள்களை வாரிக்கொண்டு போவார்கள். எவரெட் இதற்குத் தடையாக நின்றார். அவரைக் கொன்றுவிடும்படி ஒரு வியாபாரி சிலரைத் தூண்டிவிட்டார். போதையில் இருந்தவர்கள் இரவில் பேசிக்கொண்ட பேச்சு அவர் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. மனைவியையும் குழந்தைகளையும் சாமான் அறையில் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு அவர்களிடமே போய்ச் சிரித்துப் பேசி, அங்கிருந்த அம்பு, கத்தி, துப்பாக்கிகளை எல்லாம் திரட்டிக் கொண்டுவந்துவிட்டார். அன்று அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது அவர்களுடைய மொழியைக் கற்ற காதுதான்.

ஆனால் காது திறந்தால் நாம் விரும்பியது மட்டுமா உள்ளே வரும்? வியாபாரிகள் தங்களை ஏமாற்றுகிறார்களோ என்ற சந்தேகத்தில், கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி அம்மக்களே கேட்டார்கள். 1980ல் எட்டு மாதம் மாலைதோறும் வகுப்பு நடந்தது. பத்து வரை எண்ண ஒருவரும் கற்கவில்லை. அவர்கள் மொழியில் எண்ணுக்குச் சொல்லே இல்லை என்று எவரெட் முடிவுக்கு வந்தார். அங்கே சிறுவனாக வளர்ந்த மகன் கேலப், பிற்காலத்தில் மானிடவியல் அறிஞராகி, எண்கள் மனித இனத்தை எப்படி மாற்றின என்று 2017ல் ஒரு நூலே எழுதினார். எவரெட்டின் இலக்கண முடிவுகள் பற்றி மொழியியலாரிடையே பெரிய சண்டை நடந்தது. அது நமக்கு இங்கே வேண்டாம்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தை மொழிபெயர்த்துப் பதிவு செய்து அம்மக்களுக்குக் கேட்கக் கொடுத்தார். அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "இந்த இயேசுவை நீ பார்த்திருக்கிறாயா?" இல்லை. "உன் தகப்பனார் பார்த்திருக்கிறாரா?" இல்லை. "பிறகு ஏன் எங்களிடம் சொல்கிறாய்?" கண்ணால் கண்டவர் சொன்னால்தான் அவர்களுக்குப் பேச்சு. மதம் மாற்றப் போனவர் மாறிப்போனார். எண்பதுகளில் சந்தேகம் தொடங்கி, நம்பிக்கை முழுவதும் போயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார்.

நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதற்கு அடுத்த கட்டம். நம்பிக்கை போனதை அவர் வீட்டில் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதி வரை, பத்து வருஷத்துக்கு மேல், மனதிலேயே வைத்திருந்தார். எந்த நோக்கத்துக்காக மனைவி காட்டுக்கு வந்தாரோ, எதற்காகக் குழந்தைகள் காய்ச்சலில் கிடந்தார்களோ, அந்த நோக்கமே தகப்பனிடம் இல்லை என்று ஒருநாள் வெளிவந்தது. தம்பதியர் பிரிந்தார்கள். மூன்று பிள்ளைகளில் இருவர் பல ஆண்டு தகப்பனோடு பேச்சு வார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. பிறகு உறவு சீர்பட்டது என்பது ஆறுதல். கேரன் அம்மையார் தம் நம்பிக்கையில் உறுதியாக நின்று அதே மக்களிடையே பணியைத் தொடர்ந்தார்.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். காட்டில் அவ்வளவு கூர்மையாக இருந்த காது, வீட்டில் ஏன் பயன்படாமல் போயிற்று? ஒரே நோக்கத்துக்காக ஊரை விட்டு வந்த குடும்பத்தில், அந்த நோக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது துரோகம் போலத் தோன்றிவிடுகிறது. அதனால் எல்லாரும் மௌனமாகிவிடுகிறார்கள்.

நம் வீடுகளிலும் ஒரு நோக்கம் உண்டு. பிள்ளைகள் படிப்பு, ஊரில் ஒரு மனை, பெண்ணின் கல்யாணம், ரிட்டயரானதும் திரும்பிப் போவது. இதற்காகத்தான் வந்தோம் என்று தகப்பனார் சொல்வார். இன்ஜினீயரிங் வேண்டாம் என்று நினைக்கும் மகன் அதைச் சொல்ல மாட்டான். இந்த ஊரே என் ஊர், திரும்ப வர எனக்கு மனமில்லை என்று நினைக்கும் மகள் வாய் திறக்க மாட்டாள். கணவரின் மாற்றலுக்காகத் தன் வேலையை விட்டுவிட்டு வந்த மனைவி, அதைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார். சொந்த ஊரென்றால் பாட்டியிடமோ அத்தையிடமோ பிள்ளைகள் மனதைக் கொட்டிவிடுவார்கள், அது சுற்றி வந்து பெற்றோர் காதில் விழும். இங்கே அந்தத் திண்ணை இல்லை. நாலு சுவருக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள். அவர்களும் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

காது கொடுத்தவர்களால் நமக்குக் கிடைத்த லாபத்தையும் மறக்கக் கூடாது. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் குடும்பத்தோடு வாழ்ந்த கால்டுவெல் அவர்கள், 1856ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். அவர் மனைவி எலைசா, நாகர்கோவில் மிஷனரி மால்ட் அவர்களின் மகள், தமிழ் மக்களிடையே வளர்ந்தவர். அவர்களும் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் கேட்டதால்தான், இன்றைக்கும் மத பேதம் இல்லாமல் தமிழர்கள் அந்தப் பெயரைச் சொல்கிறோம். நம்மிடம் வந்து நம் மொழியைக் கற்றவரைக் கொண்டாடுகிறோம். நாம் போன இடத்தில் அதே மரியாதையைச் செய்ய வேண்டாமா?

சங்க நிர்வாகிகளுக்கு என் தாழ்மையான யோசனைகள் இரண்டு. குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். அதே நேரத்தில் அடுத்த அறையில் பெரியவர்களுக்கு இந்த ஊர் மொழி வகுப்பு நடத்தலாம். ஊர்க்காரர் ஒருவரே சொல்லிக் கொடுக்கட்டும். அடுத்து, பொங்கல் விழாவுக்குப் பக்கத்து வீட்டாரை அழைக்கிறோம், சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்து நம் பெருமையைப் பேசி அனுப்பிவிடுகிறோம். இந்த வருஷம் அவர்கள் அறுவடை நாளை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே அரை மணி நேரம் பேசச் சொல்லிக் கேட்போம்.

வீட்டுக்கு ஒரு யோசனைதான். வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் டி.வி.யையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டு, பிள்ளைகள் பேசட்டும். பெரியவர்கள் புத்திமதி சொல்லாமல் கேட்கட்டும். அவர்கள் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினாலும் பரவாயில்லை, நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். தமிழைத் திருத்த ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.