பாய்மரமும் கத்தரிக்கோலும்

மணப்பாட்டுக்குப் போயிருக்கிறீர்களா? எங்கள் ஆத்தூரிலிருந்து திருச்செந்தூர் போய் பஸ் மாற வேண்டும். கடலோர மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கும். 1540-ல் புயலில் அகப்பட்டுப் பிழைத்த போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர், முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து அங்கே நட்டார் என்பது வழிவழிக் கதை. கோயில் எழுந்தது 1581-ல். ஓர் இடத்துக்கென்றே செய்து வைக்கும் கலைப்பொருளை இப்போது 'இன்ஸ்டலேஷன்' என்கிறார்கள். கொச்சியில் 2012 முதல் பழைய கிடங்குகளில் இப்படி வைக்கிறார்கள். பெயர்தான் புதிது!

என் மாமனார் கொழும்புக்குத் தோணியில் போய் வந்தவர். வாதம் வந்து படுக்கையோடு இருக்கிறார். மணப்பாட்டுக் கதையைச் சொன்னேன். "பாய்மரம் முறிஞ்சா எங்களுக்குப் பாதி உசிரு போயிரும் தாயி. அதையே கும்பிட வச்சுட்டானே!" என்றார். பல மாதங்களாக 'உம்', 'வேண்டாம்' தவிர வேறு பேசாத மனுஷர்.

அந்தத் தெம்பில் மத்தீஸ் கதையையும் சொன்னேன். பிரான்சு தேசத்து ஓவியர். 1941-ல் குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன். பிறகு சக்கர நாற்காலியும் கட்டிலும்தான். தூரிகையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார். வர்ணக் காகிதத்தை வெட்டினார். 1930-ல் தாஹித்தித் தீவுக்குப் போனபோது பார்த்த மீனும் பாசியும் பறவையும் 1946-ல் அவர் அறைச் சுவரில் வந்து ஒட்டிக்கொண்டன. அவரைக் கவனித்த நர்ஸ் பெண் பிறகு கன்னியாஸ்திரீ ஆனாள். அவள் கேட்டதிலிருந்து தொடங்கி, வான்ஸ் என்ற ஊரில் 1951-ல் ஒரு சிற்றாலயமே முடித்துக் கொடுத்தார். ஜன்னல் கண்ணாடியில் இலை வடிவங்கள். பச்சை, நீலம், மஞ்சள் மட்டும். வெயில் ஏறினால் வெள்ளைத் தரையெல்லாம் வர்ணம்.

நோயாளிக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்துவிடுகிறோம். கைக்கு வேலை கொடுக்கிறோமா? டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்துங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல், பழைய காலண்டர் தாள், மைதாப் பசை போதும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முகம் வாடினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

மாமனாருக்கு வலது கை வராது. தாளை நான் பிடிக்க, இடது கையால் வெட்டுகிறார். சுவரில் இப்போது மூன்று மீன், ஒரு தோணி. பாய் கோணலாம், நாளைக்கு வேறு வெட்ட வேண்டுமாம்.