குப்பையா, பொக்கிஷமா?

1962-ல் அமெரிக்காவில் 'டாப்ஸ்' என்ற பபிள்கம் கம்பெனி, அஞ்சு சென்ட் பாக்கெட்டில் 'மார்ஸ் அட்டாக்ஸ்' படக் கார்டுகளை வைத்து விற்றது. செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் பூமியைத் தாக்கும் கதை, 55 கார்டுகளில். ஒரே ரத்தக்களரி! பெற்றோர் போட்ட கூச்சலில் கார்டு போடுவதையே நிறுத்திவிட்டார்கள். நானும் அந்தத் தாய்மார்கள் கட்சிதான். பிஞ்சு மனசுக்கு அது ஆகாதே!

ஆனால் பாருங்கள், 1996-ல் அதே கதை ஹாலிவுட் படமாக வந்தது. குப்பைக்குப் போகாமல் தப்பிய கார்டுகளுக்கு விஞ்ஞானக் கதைப் பிரியர்களிடம் இன்று ஏகக் கிராக்கி!

அதனால் சொல்கிறேன், சகோதரிகளே. பிள்ளை சேர்த்த கார்டுகளைத் தூக்கி எறியுமுன், பக்கத்தில் உட்கார்ந்து, "இது யாருடா கண்ணா, என்ன கதை?" என்று கேளுங்கள். பயமுறுத்துவது எது, ஆசையாய்ச் சேர்த்தது எது என்று அதன் முகமே சொல்லிவிடும். முன்னதை மட்டும் எடுத்து ஒளித்து வையுங்கள். மற்றதற்கு ஒரு பழைய பிஸ்கட் டின் கொடுங்களேன்!