பட்டியலில் இல்லாத பாமினி

கணினித் திரையிலே தமிழைக் கண்டதும், உள்ளேயும் தமிழே இருக்கிறதென்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எல்லா வேளையிலும் அது சரியன்று. கொட்டகலையில் ஆசிரியர் கலாசாலையும், அணித்தே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இருப்பதால், பாடக்குறிப்பும் வினாத்தாளும் தமிழில் தட்டச்சுச் செய்வோர் இவ்வட்டாரத்தில் அநேகர். அவர்களுக்காகவே இவ்வாரம் ஒரு சிறு சோதனையைச் சொல்லப் புகுந்தோம்.

லினக்ஸ் கணினிகளில் 'எஃப்சி-லிஸ்ட்' என்றொரு கட்டளை உண்டு. அதனை இட்டால், கணினியில் நிறுவப்பட்ட எழுத்துருக்கள் யாவும் வரிசையாக வந்து நிற்கும். 'மொழி தமிழ்' என்று பொருள்படும் குறியைக் கூட்டினாலோ, தமிழுக்குரியவை மட்டுமே வரும். பெயரைப் பார்த்து அது மயங்குவதில்லை. ஒரு மொழிக்கு இன்னின்ன எழுத்துக்கள் வேண்டுமென்ற அட்டவணையை வைத்துக்கொண்டு, அவை எழுத்துருவில் உள்ளனவா என்று ஒப்பிட்டே முடிவு செய்கிறது.

நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் முதலியன இதில் தேறிவிடும். இலங்கையிலே பல்லாண்டு கோலோச்சிய பாமினியோ தேறுவதில்லை. முழுப் பட்டியலில் அதன் பெயர் உண்டு. தமிழ்ப் பட்டியலில் இல்லை!

காரணம் இதுதான். பாமினியில், ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்கள் அமர்த்தப்பட்டிருக்கின்றன. கொட்டகலை என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். திரையில் அது அழகாகத் தெரியும். கோப்பினுள்ளே கிடப்பதோ என், எஃப், எச், எல், ஓர் அரைப்புள்ளி, மீண்டும் எல், எஃப், ஐ, வை என்னும் ஒன்பது குறிகள்! எழுத்துருவை நீக்கிவிட்டால் ஊரும் மறைந்துவிடும்.

இதற்காகப் பாமினியைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. 1991 இல் வெளியான யூனிக்கோட் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதியை வகுத்ததாயினும், விண்டோஸில் லதா எழுத்துரு வந்து சேர்ந்தது விண்டோஸ் 2000 உடன்தான். அதுவரை அச்சகங்களும் பாடசாலைகளும் கைகட்டி நிற்க முடியுமா? தமிழ்த் தட்டச்சுப் பொறியிற் பழகிய விரல்களுக்கு அதே விசை வரிசையைப் பாமினி அளித்தது.

ஆனால் நமது கவலை வேறு. லயத்திலே பாட்டிமார் பாடக்கேட்டு மாணவரொருவர் எழுதிவைத்த ஒப்பாரியும் தாலாட்டும் பாமினிக் கோப்பாகவே கிடந்தால், நாளை அதனைத் திறக்கும் பேரப்பிள்ளை அதைத் தமிழென்று எவ்வாறு அறியும்? 'தாலாட்டு' என்று யூனிக்கோடில் தேடினாலும் அகப்படாதே!

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. அவற்றின் வேலை எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு முடிவதில்லை. பாமினியில் ஒற்றைக்கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். யூனிக்கோடில் ககரமே முதல். வரிசையையும் திருத்தவேண்டும். மாற்றியபின் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். தமிழ் வரிகளுக்கிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால், சில கருவிகள் அவற்றையும் தமிழாக்கிவிடும். தேயிலையைக் குறிக்கும் மூன்றெழுத்து ஆங்கிலச் சொல் 'வநய' என்று வந்து நிற்கும்!